கறுப்பு ஏன் மங்கிற்று?

ஓவியம் பயிலும் பிள்ளைகள் பலர், தீட்டிய நிறம் எடுபடவில்லையெனில், விலை மிகுந்த வேறு வண்ணம் வேண்டுமென்று பெற்றோரை நச்சரிப்பதுண்டு. பணத்தைச் செலவிடுமுன், பாரிஸ் நகரின் கோபலேன் நெசவாலையில் நடந்ததைக் கேளுங்கள்.

சித்திரத் திரைகளுக்குப் பெயர்பெற்ற அவ்வாலையில், 1824-ஆம் ஆண்டு சாயப் பிரிவின் தலைவராக அமர்ந்தார் வேதியியல் அறிஞர் மிஷேல் ஷெவ்ரேல். (102 வயது வரை வாழ்ந்த மனிதர்!) நீலம், ஊதா ஆடைகளின் நிழலுக்காக நெய்த கறுப்பு நூல் வலுவற்றுத் தோன்றுகிறது என்று அவரிடம் புகார் வந்தது. பழி சாயத்தின்மீது விழுந்தது. அவரோ பிற பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலைத் தருவித்து ஒப்பிட்டார். கோபலேன் நூல் சிறிதும் தாழ்ந்ததாக இல்லை. அடுத்து நின்ற நிறமே கறுப்பைக் கெடுத்தது என்று கண்டார். 1839-இல் அதை விரிவான நூலாக வெளியிட்டார்.

நீலத்திற்கு எதிர்நிறம் ஆரஞ்சு, ஊதாவுக்கு மஞ்சள், சிவப்புக்குப் பச்சை. ஒரு நிறத்தை நோக்கும் கண், அதன் எதிர்நிறத்தை அண்டை நிறத்தின்மேல் படரவிட்டுக் காண்கிறது. ஆகவே நீலத்தருகே கறுப்பு பழுப்பேறிச் சோர்கிறது.

ஐயமுள்ளோர் ஒரே சாம்பல்நிறத் தாளில் இரு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளிலும் மற்றதைப் பச்சைத் தாளிலும் வையுங்கள். முன்னது பசுமையாகவும் பின்னது செம்மையாகவும் சாயும். மேலே மெல்லிய வெள்ளைத் தாளை விரித்தால் வேறுபாடு இன்னும் தெளிவுறும்.

நீல ஆடையின் மடிப்பில் நிழல் தீட்டுகையில், கறுப்போடு சிறிது நீலம் கலந்து, முதலில் வேறொரு தாளில் அந்நீலத்தின் அருகிலேயே வைத்துப் பாருங்கள்.