பாண்டே, நாயுடு, வேலன்: பெயர் மாறியது, லத்தி மாறவில்லை

"ஜாலியா பார்க்க வேண்டிய படத்துல எதுக்குங்க சாதியைத் தேடுறீங்க?" சாதி ஒழிப்பு பேசுகிற யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர்கள் எல்லோரும் சாதி வெறியர்களும் அல்ல. நம்மோடு போராட்டத்துக்கு வருகிற, அம்பேத்கர் படம் போட்ட சட்டை அணிகிற நண்பர்களும் கேட்கிறார்கள். எனவே கோபப்படாமல் பதில் சொல்வோம். அதற்கு மூன்று மொழிகளில் வந்த ஒரே ஜாலி படத்தை எடுத்துக்கொள்வோம்.

2010இல் இந்தியில் 'தபங்' வந்தது. அபினவ் காஷ்யப் இயக்கம், சல்மான் கான் நாயகன். 2011 டிசம்பரில் தரணி இயக்கத்தில் சிம்பு நடிக்க, தமிழில் அது 'ஒஸ்தி' ஆனது. 2012 மே மாதம் ஹரீஷ் சங்கர் இயக்கத்தில் பவன் கல்யாண் நடிக்க, தெலுங்கில் 'கப்பர் சிங்' ஆனது. லஞ்சம் வாங்குகிற, ஆடுகிற, பாடுகிற, கேலி பேசியபடியே எலும்பை முறிக்கிற ஒரு போலீஸ்காரர்தான் மூன்றிலும் நாயகன். தபங்குக்கு, நல்ல பொழுதுபோக்கை வழங்கிய வெகுசனப் படம் என்று தேசிய விருதே கொடுத்தார்கள்.

ரீமேக் வந்ததும் சண்டை தொடங்கியது. ஒரு கூட்டம், சல்மான் செய்ததைச் சிம்புவால் செய்ய முடியவில்லை என்றது. இன்னொரு கூட்டம், நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி நன்றாகத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்றது. பவன் கல்யாண்தான் மூலத்தையே மிஞ்சினார் என்றது மூன்றாவது கூட்டம். மீசை, கறுப்புக் கண்ணாடி, நடனம், உடற்கட்டு எல்லாம் அலசப்பட்டன. காக்கிச் சட்டை யாருக்குப் பொருந்தியது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அந்தக் காக்கி யார்மீது பாய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரீமேக்கை நாம் கவனித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கதையை வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போது எதை மாற்றுகிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். மாற்றியது அந்தந்த ஊருக்குத் தேவையானது. மாற்றாமல் விட்டது எல்லா ஊருக்கும் பொதுவானது.

முதலில் மாற்றியதைப் பார்ப்போம். இந்தியில் நாயகன் சுல்புல் பாண்டே, உத்தரப்பிரதேசத்துப் பார்ப்பனர். தன்னை ராபின் ஹுட் பாண்டே என்று அழைத்துக்கொள்கிறார். எதிரி சேதி சிங். தெலுங்கில் நாயகன் வெங்கடரத்னம் நாயுடு, எதிரி சித்தப்பா நாயுடு. ஆதிக்க சாதிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கதை என்பதை இரண்டு படங்களும் மறைக்கவில்லை. தமிழில்? நாயகன் வெறும் வேலன். எதிரி பாக்ஸர் டேனியல்.

இங்கேதான் நம்மவர்கள் சிலர் மகிழ்கிறார்கள். "பாருங்கள், தமிழுக்கு வந்ததும் சாதிப் பெயர் உதிர்ந்துவிட்டது, இது பெரியார் மண்." உண்மைதான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே மண்ணில்தான் 'சின்ன கவுண்டர்', 'தேவர் மகன்' என்று சாதிப் பட்டத்தையே தலைப்பாக வைத்த படங்கள் கொண்டாடப்பட்டன. பெயரின் வாலை வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பெயரில் இல்லாத சாதி, மீசையிலும் அரிவாளிலும் குலதெய்வத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதோடு, சாதியை அழித்ததாகச் சொல்லும் இடத்தில் நாயகனுக்கு முருகன் பெயரும் வில்லனுக்குக் கிறித்தவப் பெயரும் கிடைத்திருக்கின்றன. எடுத்தவர்களின் எண்ணம் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. திரையில் மிஞ்சி நிற்பது இதுதான்.

இனி மாற்றாமல் விட்டதைப் பார்ப்போம். மூன்று மொழியிலும் போலீஸ் அடித்தால் நாம் சிரிக்க வேண்டும். வழக்கு இல்லை, நீதிபதி இல்லை, விசாரணை இல்லை. தண்டனையை முடிவு செய்வதும் நிறைவேற்றுவதும் நாயகனே. லஞ்சம்கூட அவருடைய குறும்பு. கைது செய்யப்படுபவரை எப்படி நடத்த வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே விதி வகுத்துவிட்டது. திரையில் அந்த விதியை நினைவூட்டும் பாத்திரம் இருந்தால், அவர்தான் படத்தின் கோமாளியாக இருப்பார்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் காக்கி என்ன செய்துகொண்டிருந்தது? 2011 செப்டம்பர் 11. இமானுவேல் சேகரன் நினைவு நாள். பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் தலித் மக்கள் செத்து விழுந்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி வாச்சாத்தி வழக்கில் தீர்ப்பு வந்தது. 1992இல் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடிப் பெண்களை வன்புணர்ந்த வழக்கில், வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். பத்தொன்பது ஆண்டு இழுத்தடிப்பில் 54 பேர் செத்தே போனார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் நாம் திரையரங்கில் போலீஸ் லத்திக்கு விசிலடித்தோம்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். பரமக்குடியில் சுட்டவர்கள் ஒஸ்தி பார்த்துவிட்டுச் சுடவில்லைதான். படம் துப்பாக்கியை இயக்குகிறது என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி வெடித்த பிறகு ஊர் என்ன பேசுகிறது என்று பாருங்கள். "அவன் என்ன செஞ்சானோ, போலீஸ் சும்மாவா அடிக்கும்?" இந்த வாக்கியம் யாருக்கும் சட்டப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. அடி வாங்குகிறவன் வில்லன் என்று இரண்டரை மணி நேரம் மறுபடி மறுபடி சிரித்துப் பழகிய பழக்கத்தில் இருந்து வருகிறது. திரையில் அடி வாங்குபவன் சிங்காகவும் நாயுடுவாகவும் இருக்கலாம். காவல் நிலையத்தில் அடி வாங்குபவன் பெரும்பாலும் சேரிக்காரன், குறவன், இருளன், கையில் காசில்லாதவன்.

காதலுக்கு வருவோம். இந்தி மூலத்தில் நாயகி ரஜ்ஜோ, பானை வனையும் பெண். அவளிடம் பானை வாங்கும் அதிகாரி, அன்போடு தருகிற பணத்தை வாங்காவிட்டால் அறைந்தும் கொடுப்பேன் என்கிற பொருளில் பேசுகிறார். அறையைவிட அன்புக்குத்தான் அஞ்சுகிறேன் என்கிறாள் அவள். ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம் இது. சீருடை போட்ட பார்ப்பனர், பானை விற்கும் பெண்ணை அறைவேன் என்பது எப்படிக் காதல் வசனமாகிறது? அவர் அறைய முடியும், அவள் திருப்பி அறைய முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான்.

இதையே திருப்பிப் போடுங்கள். குயவர் வீட்டுப் பையன் பாண்டே வீட்டுப் பெண்ணைக் கேலி பேசித் துரத்தி, அவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலிலேயே தாலி கட்டுகிறான். இதை ஜாலி படமாக எடுக்க முடியுமா? அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916லேயே எழுதினார். மேலே இருப்பவன் கீழே கை நீட்டினால் நகைச்சுவை. கீழே இருப்பவன் நீட்டினால் அது எங்கே முடியும் என்பதற்கு இளவரசன், கோகுல்ராஜ், உடுமலை சங்கர் என்று நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன. எந்த ரீமேக்கும் மாற்றாத விதி இது.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா? இதுதான் கடைசி வாதம். சாதி எதிர்ப்பாளர்களுக்குச் சிரிக்கத் தெரியாது, எப்போதும் ஒப்பாரி என்பது நம்மீதான பழைய பழி. கப்பர் சிங் வந்த அதே 2012இல்தான் பா.இரஞ்சித்தின் 'அட்டகத்தி' வந்தது. லத்தி இல்லாமல், யாரையும் இழிவுபடுத்தாமல், சேரி இளைஞனின் காதல் அசட்டுத்தனங்களை வைத்தே அரங்கைச் சிரிக்க வைத்தது. 2021இல் மடோன் அஸ்வினின் 'மண்டேலா' வந்தது. ஊரே ஏவல் வாங்கிய முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுக்காக இரண்டு சாதிக் கூட்டமும் அவர் காலடிக்கு வருவதைப் பார்த்து நாடே சிரித்தது. நகைச்சுவை காக்கிக்கு எழுதிக் கொடுத்த சொத்தல்ல.

எனவே தோழர்களே, ஒஸ்தியைத் தடை செய் என்றோ பார்க்காதே என்றோ நான் சொல்லவில்லை. அடுத்த ரீமேக் வரும், அடுத்த வேலன் லத்தியைச் சுழற்றுவார், அரங்கம் அதிரும். அப்போது நாயகனின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடி வாங்கித் தரையில் கிடப்பவன் யார், அவனுக்கு ஊர் எது, பெயர் எது என்று பாருங்கள். அவன் நம் தெருக்காரனாக இருந்தால் இந்தக் காட்சிக்குச் சிரிப்பு வருமா என்று பக்கத்து இருக்கை நண்பரிடம் கேளுங்கள். ஜாலியாகவே கேளுங்கள்.