மூன்றரை மணி நேரப் பயணமா?

உம்ராவுக்குப் புறப்படவிருந்த எமதூர்ப் பெரியவர் ஒருவர், ரமலானுக்கு முன் பயணச்சீட்டுடன் மதரஸாவுக்கு வந்தார். சென்னையில் பிற்பகல் 3 மணிக்குப் புறப்பாடு. ஜித்தாவில் மாலை 6.30க்கு வருகை. "மூன்றரை மணி நேரம்தானே ஹஜ்ரத், நோன்போடவே போயிடலாம்" என்றார்.

பயணச்சீட்டிலுள்ள இரு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள். சவூதியின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே அவர் வானில் இருக்கப்போவது ஆறு மணி நேரம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்வான் தொலைவு ஏறத்தாழ 4,450 கி.மீ. அல்லவா? திரும்பும்போது மேல்காற்று பெரும்பாலும் துணைசெய்வதால் பறக்கும் நேரம் சற்றுக் குறையும். சீட்டிலோ எட்டு மணி நேரம் போலத் தெரியும்!

இது வெறும் கணக்கு அன்று. மார்ச் மாதத்தில் சென்னையில் சுமார் 6.20க்கு மஃரிப். அவ்வேளையில் மேற்கே பறப்பவரின் சாளரத்தில் சூரியன் இன்னும் நிற்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தோ, ஊரில் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்றெண்ணியோ நோன்பு திறத்தல் கூடாது. தாம் இருக்குமிடத்தில் சூரியன் மறைய வேண்டும். அவருக்கு அது ஜித்தாவை நெருங்கும்போதுதான், அதாவது நம் நேரப்படி இரவு 9 மணியளவில்தான் நிகழும். பதினாறு மணி நேர நோன்பு, அதுவும் சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு. பயணிக்குச் சலுகை உண்டே எனலாம். ஆனால் ஃபஜ்ருக்குப் பின் ஊரைவிட்டுக் கிளம்புபவர், பயணத்தைக் காரணம் காட்டி அன்றைய நோன்பை விட ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் இடமில்லை. நோய் முற்றினால் அது வேறு சட்டம்.

தொழுகையிலும் இதே குழப்பம். விமானம் ஏறினால்தான் பயணி என்று பலர் எண்ணுகின்றனர். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக மீனம்பாக்கம் சுமார் 55 கி.மீ. மக்காவை நாடி ஊரெல்லையைக் கடந்ததுமே நாம் பயணிகள். விமான நிலையத்தில் ளுஹரைக் கஸ்ராகத் தொழலாம். விமான நிலையம் தம் ஊருக்குள்ளேயே அமைந்த சென்னைவாசி அங்கே முழுமையாகவே தொழ வேண்டும்.

யாவற்றினும் கவனத்திற்குரியது இஹ்ராம். 1995 வரை பம்பாயிலிருந்து கப்பலில் சென்றோர்க்கு எல்லை நெருங்குவதை உணர்ந்து ஆயத்தமாக அவகாசம் இருந்தது. விமானமோ, செல்லும் பாதையைப் பொறுத்து, கர்னுல் மனாஸில் அல்லது யலம்லமுக்கு நேரான இடத்தை இறங்குவதற்குச் சற்று முன்னரே நொடிப்பொழுதில் கடந்துவிடும். 'ஜித்தாவில் மாற்றிக்கொள்ளலாம்' என்பாரை அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. எல்லையை இஹ்ராமின்றிக் கடந்து, திரும்பிச் சென்று அதனை நிறைவேற்றாதவர் மீது தம் கடமையாகும். அத்துணியைப் பெரிய பெட்டியில் வைத்து எடைபோட அனுப்பிவிட்டு, வானில் கை பிசைந்தவர்களை நாம் அறிவோம்.

உம்ரா விளக்க வகுப்புகளில் துஆக்கள் கற்பிக்கப்படுகின்றன. தங்கும் விடுதி ஹரமிலிருந்து எத்தனை மீட்டர் என்பதும் தவறாமல் சொல்லப்படுகிறது. பயணச்சீட்டை விரித்துவைத்து அரைமணி நேரம் இக்கணக்கை விளக்குவது ஜமாஅத்துகளுக்கு அத்துணைக் கடினமா?

பெரியவர் பயணத் தேதியை மாற்றவில்லை. ஃபஜ்ருக்கு முன்பே ஊரெல்லையைக் கடந்துவிடும்படி வண்டிக்காரரிடம் சொல்லிவைத்தார். இஹ்ராம் துணி கைப்பைக்கு மாறியது.