பிரதமர் மானமா, சிறுமிகள் வாழ்க்கையா? ஸ்வீடனை இரண்டாக்கிய 'கால் கேர்ள்'!

'ஓப்பன்ஹைமர்' ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டமாவின் ரசிகரா நீங்கள்? அப்படியென்றால் 2012-ல் வந்த ஸ்வீடன் படமான 'கால் கேர்ள்' உங்கள் லிஸ்ட்டில் இருக்க வேண்டும். குழந்தைகளோடு பார்க்கும் படமில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை நடப்பது 1970-களின் ஸ்டாக்ஹோமில். சிறார் இல்லத்துக்கு அனுப்பப்படும் 14 வயது ஐரிஸ், டாக்மர் என்ற பெண்ணிடம் சிக்குகிறாள். டாக்மர் நடத்துவது பாலியல் தொழில். வருகிறவர்களோ பெரிய இடத்து ஆட்கள். அவளது போனை ஒட்டுக்கேட்கும் இளம் போலீஸ்காரருக்கு மேலிடத்திலிருந்து முட்டுக்கட்டை விழுகிறது. டாக்மராக பெர்னில்லா ஆகஸ்ட் ('ஸ்டார் வார்ஸ்' அனகினின் அம்மாவேதான்!) சிரித்துக்கொண்டே நடுங்க வைக்கிறார்.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1976-ல் டோரிஸ் ஹாப் என்ற பெண் இதே போன்ற வழக்கில் கைதானார். நீதித்துறை அமைச்சர் லென்னார்ட் கெய்யர் பற்றிப் பிரதமர் ஓலோஃப் பால்மேவை போலீஸ் தலைமை எச்சரித்ததாக 1977-ல் 'டாகென்ஸ் நைஹேட்டர்' நாளிதழ் எழுதியது. பால்மே மறுக்க, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. அப்படியொரு ரகசியக் குறிப்பு இருந்தது உண்மைதான் என்பது பிறகே வெளியே வந்தது. அமைச்சர் மீதான குற்றச்சாட்டு மட்டும் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

டொரன்டோ விழாவில் விமர்சகர்கள் விருது கொடுத்துக் கொண்டாடினார்கள். ஸ்வீடனில் வேறு கதை. படத்தில் பெயர் சொல்லப்படாத பிரதமர் ஒருவர் சிறுமியிடம் போவதுபோல ஒரு காட்சி. "1986-ல் சுட்டுக் கொல்லப்பட்ட மனிதர், எழுந்து வந்து பதிலா சொல்வார்?" என்று ஒரு தரப்பு கொதித்தது. "இது புனைவு, அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் துணிச்சல்" என்றது இன்னொரு தரப்பு. பால்மே குடும்பம் சட்டத்தின் கதவைத் தட்ட, 2013-ல் சமரசம் ஆனது. தயாரிப்பாளர்கள் காட்சியில் கத்தரி வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் காட்சி தேவையே இல்லை. ஆதாரமில்லாத ஒரு நிமிடத்தைச் சேர்த்து, இரண்டேகால் மணி நேரப் படம் பேச வந்ததை இயக்குநர் மிக்கேல் மார்சிமைனே மறைத்துவிட்டார். ஐரிஸைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பால்மேவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். படம் மெதுவாக நகர்கிறது என்ற புகாரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பதறாமல் காட்டுவதுதான் அதன் பலமே.

நிஜ வழக்கின் சிறுமிகள் என்ன ஆனார்கள்? அவர்களில் இருவர், நடுத்தர வயதில், 2008-ல் அரசிடம் இழப்பீடு கேட்டார்கள். அரசு மறுத்துவிட்டது.