உதைபந்தாட்டம் பார்க்கப் புறப்படுமுன்

நம் யாழ்ப்பாணத்திலே உதைபந்தாட்டம் பார்க்கப் போவதற்கு எவரும் முன்கூட்டியே திட்டம் வகுப்பதில்லை. பின்னேரம் நான்கு மணிக்குச் சைக்கிளை எடுத்தால் ஐந்து மணிக்குள் நாவாந்துறையிலோ குருநகரிலோ ஒரு மைதானத்தின் ஓரத்தில் நிற்கலாம். சைக்கிளின் மீது அமர்ந்தபடியே ஆட்டத்தைப் பார்த்து, மத்தியஸ்தரின் கண்பார்வையைப்பற்றி நாலு வார்த்தை கூறிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்திற்கு வீடு திரும்பலாம். இப்பழக்கத்திலே வளர்ந்த நம்மவர் இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு பெரிய கழகத்தின் ஆட்டத்தைக் காண விரும்பும்போது திகைத்துப் போகின்றனர். அங்கு அது கலியாண எழுத்துக்கு நாள் வைப்பதினும் கடினமான காரியம்.

இலண்டனில் வாழும் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் என்னோடு தொலைபேசியிற் பேசினார். “மாஸ்ரர், அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசாவிலே வருகினம். அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. லிவர்பூல் ஆட்டம் ஒன்றை நேரிலே பார்த்துவிட வேணுமென்று ஒரே பிடி. என்ன செய்யலாம்?” என்று கேட்டார். அத்தந்தையாரை நான் அறிவேன். தொண்ணூறுகளிலே, குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவின் வலுவிலே வானொலியை இயக்கி, பி. பி. சி. யின் நேர்முக வருணனை கேட்டவர் அவர். கோல் விழும் தறுவாயிலே சில்லுச் சுற்றுபவன் கைசோர்ந்தால் அவனுக்கு அன்று வசைதான். அப்படிப்பட்டவர் அன்பீல்ட் மைதானத்தின் வாசல்வரை போய், உள்ளே நுழைய முடியாமல் திரும்பிவரலாகாது. ஆகவே அம்மாணவருக்குக் கூறியவற்றையும், பின்னர் விசாரித்து அறிந்தவற்றையும், இத்தகைய ஆசையுடைய ஏனையோர்க்கும் பயன்படுமென எண்ணி இங்கே எழுதுகின்றேன்.

முதலில் நாளைப் பற்றியது. பிரிமியர் லீக்கிலே 20 கழகங்கள் உள. ஓகஸ்ட் மாதந் தொடங்கி மே மாதம் வரை ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள் ஆடும். அவற்றுட் சொந்த மைதானத்தில் நடைபெறுவன 19. இவற்றின் நிரல் யூன் மாதத்திலே வெளியாகிவிடும். அந்நிரலைப் பார்த்த மாத்திரத்தே விமானச் சீட்டும் புகையிரதச் சீட்டும் வாங்கிவிடுவோர் உளர். அஃது ஆபத்து. தொலைக்காட்சி நிறுவனங்கள் தமக்கு வேண்டிய ஆட்டங்களைப் பின்னர் தெரிந்தெடுக்கும். தெரிந்தெடுத்ததும் சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ தள்ளப்படும். கிண்ணப் போட்டியில் ஒரு கழகம் முன்னேறினாலும் அதன் லீக் ஆட்டம் வேறு வாரத்துக்குப் போகும். எனவே, நிரலிற் கண்ட திகதி ஓர் உத்தேசத் திகதியே. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் ஓய்வாக இருக்குமாறு பிரயாணத்தை அமைத்தல் வேண்டும். மலிவு விலையிற் கிடைக்கும் புகையிரதச் சீட்டைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறவியலாது. அதனைத் தொலைக்காட்சித் தெரிவுகள் அறிவிக்கப்பட்ட பின்னரே வாங்குதல் நன்று.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்பது ஆதியிலே எங்கிருந்து வந்தது என மாணவர் கேட்கலாம். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என விதித்தது. அரைநாள் விடுமுறை மெல்ல மெல்ல ஏனைய தொழில்களுக்கும் பரவிற்று. வேலைவிட்ட தொழிலாளி கஞ்சி குடித்து மைதானத்துக்கு நடந்துவர ஒரு மணி நேரம், ஆட்டம் மூன்றுக்கு. பந்தாடுவோருக்குக் கூலி கொடுப்பதை 1885ஆம் ஆண்டிலே சங்கம் அனுமதித்தது. 1888இல் 12 கழகங்களோடு லீக் தொடங்கிற்று. ஆனாற் பந்தாட்டக்காரர் வாரத்துக்கு 20 பவுணுக்கு மேற் பெறலாகாது என்ற உச்சவரம்பு 1961ஆம் ஆண்டுவரை இருந்தது என்றால் இக்காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரித்தானியாவினுள்ளே உதைபந்தாட்டத்தை நேரடியாக ஒளிபரப்புவதில்லை. சிறிய கழகங்களின் மைதானங்கள் வெறிச்சோடிப் போகாதிருக்க 1960களில் ஏற்பட்ட வழக்கம் இது. ஆகையால் மூன்று மணி ஆட்டத்தைச் சுன்னாகத்திலே மாமரத்தடியில் இருப்பவர் தொலைக்காட்சியிற் காணலாம். மைதானத்துக்கு அடுத்த தெருவில் வசிப்பவர் காணவியலாது!

இனி அனுமதிச் சீட்டு. இதுவே முழுக் காரியத்துக்கும் உயிர்நாடி. அன்பீல்ட் அரங்கில் இப்போது ஏறக்குறைய 61,000 பேர் அமரலாம். எனினும் அவ்விடங்களிற் பெரும்பகுதி பருவகாலச் சீட்டு உடையவர்க்கு உரியது. அச்சீட்டுக்குப் பெயர் கொடுத்து ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போர் தொகையோ பெரிது. எஞ்சியவை கழகத்தின் அங்கத்தவர்க்கு. அங்கத்தவராவதற்கு ஆண்டுச் சந்தா உண்டு. அங்கத்தவராகிவிட்டால் மாத்திரம் சீட்டு நிச்சயமெனல் தவறு. பெயர்களைத் திருவுளச் சீட்டுப்போற் குலுக்கி எடுப்பர். குலுக்கலில் இடம் பெறுவதற்குப் பருவகாலம் தொடங்குமுன்னரே பதிவுசெய்ய வேண்டியிருக்கும். தந்தைக்கும் மகனுக்கும் தனித்தனி அங்கத்துவம் வேண்டும். பெற்றோரின் விசா கிடைத்த பின்னர் இதைப்பற்றி யோசிக்கலாம் என்றிருப்பவர், பெரும்பாலும் காலங்கடந்தவரே. இலையுதிர் காலத்திலே வாரநாள் இரவுகளில் நடைபெறும் லீக் கிண்ண ஆட்டங்களுக்குச் சீட்டுப் பெறுதல் சற்று எளிது. நட்சத்திர வீரர் சிலர் அன்று ஆடாதிருக்கலாம். எழுபது வயதுத் தந்தைக்கு மைதானமே பெரிதாயின் அதனாற் குறையில்லை.

விருந்தோடு கூடிய ஆசனம் என ஒருவகை உண்டு. அதனைப் பணமுள்ள எவரும் கழகத்திடமே நேரடியாக வாங்கலாம். விலை நூற்றுக்கணக்கான பவுண். அத்தொகையை ரூபாவாக்கிப் பார்ப்பவர்க்குப் பசியே தீர்ந்துவிடும். சீட்டு விலையைப்பற்றி அந்நாட்டு மக்களே மனங்கொதித்திருக்கின்றனர். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், 77 பவுண் விலையில் ஒரு புதிய சீட்டை லிவர்பூல் கழகம் அறிவித்தபோது, சண்டர்லாண்ட் கழகத்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் இரண்டு கோல்களால் முன்னணியில் இருந்தது. அவர்கள் போனபின் சண்டர்லாண்ட் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தது. சில தினங்களில் நிருவாகம் அவ்விலையைக் கைவிட்டது.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகின்றனர். கழகத்திற் சீட்டு இல்லையென்றதும் முகநூலிலோ வேறெங்கோ ‘எனக்கு வரமுடியவில்லை, சீட்டு இருக்கிறது’ என்று ஒருவன் எழுதியிருப்பதைக் காண்பர். பட்டமேற்படிப்புக்குச் சென்ற எனக்குத் தெரிந்த இளைஞர் மூவர், இவ்வாறு முன்பின் அறியாத ஒருவனுக்குத் தலைக்கு 180 பவுண் அனுப்பினர். அவன் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினான். பனிக்குளிரிலே வாசற் பொறியிடம் அதைக் காட்டியபோது பொறி திறக்கவில்லை. அம்மூவருள் ஒருவர் இரவிலே கடையில் வேலைசெய்து படித்தவர். அத்தொகை அவருடைய இரண்டு வார உழைப்பு. இன்று பெரிய கழகங்களின் சீட்டு, வாங்கியவரின் தொலைபேசியிலேயே தங்கி, கழகத்தின் வழியாக மாத்திரம் இன்னொருவர்க்கு மாற்றப்படுவது. ஆகையாற் படமாக அனுப்பப்படுவது எதுவும் சீட்டன்று. அதுவுமன்றி, இங்கிலாந்தில் அனுமதியின்றி உதைபந்தாட்டச் சீட்டை மறுவிற்பனை செய்தல் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். இசைக் கச்சேரிச் சீட்டுக்கு அவ்வாறு இல்லை, பந்தாட்டத்துக்கே இக்கட்டுப்பாடு. இரு கழகத்தாரின் ஆதரவாளரும் கலந்து அமர்ந்துவிட்டாற் கைகலப்பு விளையும் என்பதே காரணம். விருந்தினர் பகுதியிற் கிடைத்த சீட்டோடு சென்று, லிவர்பூல் சிவப்புச் சால்வையைக் கழுத்திற் போட்டுக்கொண்டு இருப்பவர் காவலரால் வெளியேற்றப்படுவார்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்று சலிப்பவர் 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதியை அறிதல் வேண்டும். அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொறெஸ்ற்றுக்கும் எஃப். ஏ. கிண்ண அரையிறுதி. நின்று பார்க்கும் பகுதியிலே, கம்பி வேலிக்குள், கூட்டம் மேன்மேலும் விடப்பட்டது. நெரிசலிற் சிக்குண்டோரில் 97 பேர் மாண்டனர். அவருட் கடைசியானவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் அக்காயத்தின் துன்பத்தை அனுபவித்து 2021இல் இறந்தார். இறந்தோரிற் பலர் இளைஞர், சிறுவரும் உளர். ஆதரவாளரின் குடிவெறியே காரணம் எனப் பழி சுமத்தப்பட்டது. பெற்றோர் ஓயவில்லை. இருபத்தேழு ஆண்டுகளின் பின்னர், 2016இல், மரண விசாரணைச் சபையினர் அவை சட்டவிரோதக் கொலைகள் எனவும் ஆதரவாளர்மீது குற்றமில்லை எனவும் தீர்ப்பளித்தனர். டெய்லர் நீதியரசரின் அறிக்கையின் பின்னரே பெரிய மைதானங்களில் எல்லோர்க்கும் ஆசனம் என்ற விதி வந்தது. 2022 முதல், ஒவ்வோர் இடத்துக்கும் கம்பித் தடுப்பு அமைத்து, நின்று பார்க்கச் சில பகுதிகளில் மீண்டும் அனுமதித்துள்ளனர். முதியவரோடு செல்வோர் அப்பகுதியைத் தவிர்க்க. அன்பீல்ட் மைதானத்தின் வெளியே அந்த 97 பெயர்களும் பொறித்த நினைவிடம் உண்டு.

நம் நிறத்தவர்க்கு அங்கே மரியாதை இருக்குமா என்று தாய்மார் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. 1988ஆம் ஆண்டில் லிவர்பூலின் ஜோன் பார்ன்ஸ் மீது மைதானத்திலே வாழைப்பழம் எறியப்பட்டது. அவர் அதைக் குதிகாலால் அப்புறம் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். இனத்தைப் பழித்துக் கூட்டமாகக் கூவுவது 1991 முதற் சட்டப்படி குற்றம். அன்று போல இன்றில்லை. முற்றாக ஒழிந்துவிட்டது என்றுஞ் சொல்வதற்கில்லை. பெரும்பாலான கழகங்களிற் குடும்பத்தினர்க்கென ஒரு பகுதி உண்டு. சீட்டு வாங்கும்போது அதனையே கேட்டு வாங்குக. ஏதும் கேட்டாற் சகிக்காமற் காவற் பணியாளரிடம் முறையிடுக.

லிவர்பூலிற் சீட்டுக் கிடைக்கவே இல்லையாயின்? என் விருப்பத்தைச் சொல்கின்றேன். இலண்டனில் நம்மவர் மிகுதியாக வாழும் ரூற்றிங்கிலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு மைதானம் இருக்கிறது. அதன் பெயர் ப்ளவ் லேன், கழகம் ஏ. எஃப். சி. விம்பிள்டன். இருக்கைகள் சுமார் ஒன்பதினாயிரம். அங்கத்துவமும் குலுக்கலும் இன்றி, முன்கூட்டியே கேட்டாற் பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்கலாம், விலையும் குறைவு. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் காலையிற் போய் வணங்கிவிட்டு மத்தியானத்துக்குமேல் ஆட்டம் பார்க்கலாம்.

இக்கழகத்தின் வரலாறே ஒரு கதை. பழைய விம்பிள்டன் கழகம் 1988ஆம் ஆண்டு எஃப். ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், அக்காலத்து வல்லமை மிக்க லிவர்பூலையே 1 - 0 என வென்றது. அன்று லிவர்பூல் அடித்த பெனல்ரியை விம்பிள்டன் கோல்காப்பாளர் டேவ் பீசன்ற் தடுத்தார். 1991இல் அது தன் மைதானத்தை விட்டு நீங்கி வேறொருவரின் மைதானத்திற் குடியிருந்தது. 2002இல், உரிமையாளர் அக்கழகத்தைத் தொலைவிலுள்ள மில்ற்றன் கீன்ஸ் என்னும் புதுநகருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. ஊரவர் என்ன செய்தனர்? பொது வெளியொன்றிலே தெரிவு நடத்தி ஆட்டக்காரரைச் சேர்த்து, தாமே ஒரு புதுக் கழகம் அமைத்து, ஒன்பதாம் படியிலிருந்து ஆடத் தொடங்கினர். ஒன்பது பருவகாலத்தில் ஐந்து முறை மேலுயர்ந்து 2011இல் லீக்கினுட் புகுந்தனர். பழைய மைதானம் இருந்த இடத்துக்குச் சற்றே அப்பாற் புது அரங்கு கட்டக் கடன்பத்திரம் விற்றுப் பணஞ் சேர்த்தனர். 2020 நவம்பரிலே முதலாட்டம் நடந்தபோது கொரோனாத் தொற்றினாற் பார்வையாளர் ஒருவரையும் உள்ளே விடவில்லை! கோயில் கட்டியவர்களே கும்பாபிஷேகத்தை வீட்டிலிருந்து பார்த்தது போல. நாற்பது ஆண்டுகள் லிவர்பூலை நேசித்த அத்தந்தையார், அக்கழகம் தோற்ற கதையையும் அங்கே கேட்டு வரட்டுமே.

லிவர்பூலுக்கே செல்ல வாய்த்தோர்க்குச் சில சொற்கள். இலண்டன் யூஸ்ரன் நிலையத்திலிருந்து லிவர்பூல் லைம் ஸ்றீற் நிலையத்துக்குப் புகையிரதத்தில் இரண்டேகால் மணிநேரமளவில் ஆகும். அங்கிருந்து மைதானம் இரண்டு மைல். அருகே புகையிரத நிலையம் இல்லை. நகரத்திலிருந்து பேருந்து உண்டு. ஆட்டம் முடிந்தபின் அதற்கும் நீண்ட வரிசை நிற்கும். முதியவரோடு செல்வோர், ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் புறப்படும் புகையிரதத்தை நம்பலாகாது. இரவு ஆட்டமாயின் லிவர்பூலிலேயே தங்குதல் வேண்டும்.

மார்கழியில் அங்கு நான்கு மணிக்கு முன்னரே பொழுது சாயும். பிற்பாதி ஆட்டம் முழுவதும் மின்விளக்கொளியில். அசையாமல் அமர்ந்திருப்பவர்க்குக் குளிர் காலிலிருந்து ஏறும். இரட்டைக் காலுறையும் குல்லாயும் அவசியம். பெரிய பை உள்ளே கொண்டுபோக முடியாது. கண்ணாடிப் போத்தலும் ஆகாது. ஆகவே அம்மா கட்டித்தரும் இடியப்பப் பொதியைப் புகையிரதத்திலேயே முடித்துவிடுக. சீட்டுத் தொலைபேசியிலே இருப்பதால் அதன் மின்கலம் நிறைந்திருக்கின்றதா எனக் காலையிலேயே பார்த்துக்கொள்க. தந்தையாரின் சட்டைப்பையில் மகனின் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வைத்து, பிரிய நேர்ந்தால் எந்த வாசலில் நிற்பது என்பதை உள்ளே நுழையுமுன் இருவருமாகப் பேசி முடிவுசெய்துகொள்க.