கல் சிங்கம் எழுந்ததா?

கல் சிங்கம் எழுந்து நின்றது என்று எவனாவது சொன்னால் அவனைப் பைத்தியக்காரன் என்போம். ஆனால் அதையே சினிமாக் கொட்டகையில் காட்டினால் உடல் சிலிர்க்கப் பார்த்துவிட்டு வருகிறோம். இந்த வித்தையின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

1905-இல் ஜார் ஆட்சியை எதிர்த்து மாலுமிகள் செய்த கலகத்தை வைத்து, 1925-இல் சோவியத் ரஷ்யாவில் ஐசன்ஸ்டீன் ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ என்ற படத்தை எடுத்தார். அதில் சிப்பாய்கள் ஒடெஸ்ஸா நகரப் படிக்கட்டில் ஜனங்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பதிலுக்குக் கப்பல் பீரங்கி முழங்குகிறது. தூங்கிய கல் சிங்கம் விழித்து எழுகிறது. கல்லுக்கும் ரோஷம் வந்துவிட்டதாம்!

நடந்தது என்ன? கிரிமியாவிலுள்ள அலுப்கா அரண்மனையில் தூங்குவது, விழிப்பது, எழுந்திருப்பது என்று வெவ்வேறு சிங்கச் சிலைகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே படம் பிடித்து, வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார்கள். ஆகவே எழுப்பியது கத்திரிக்கோல். இந்த ஒட்டு வேலைக்குத்தான் மாண்டேஜ் என்று பெயர்.

அதே நாட்டுக் குலெஷோவ், மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை சூப்புக் கிண்ணம், சவப்பெட்டியில் கிடக்கும் பெண், விளையாடும் சிறுமி ஆகிய காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் சிந்தனையும் துக்கமும் மகிழ்ச்சியும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று புடோவ்கின் எழுதியிருக்கிறார்.

“அப்படியானால் ஜாரின் கொடுமை பொய்யா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். ஒடெஸ்ஸாவில் அவ்வருஷம் ஜனங்கள் சுடப்பட்டது மெய். அதற்குச் சாட்சி சரித்திரமே ஒழிய, படத்துக்காக ஜோடித்த படிக்கட்டுப் படுகொலையல்ல.

நம் கட்சிக்கே வருவோம். 1928-இல் வெளிவந்த ‘அக்டோபர்’ படத்தில் அதே ஐசன்ஸ்டீன், ஏசுவின் உருவத்தில் தொடங்கிப் பல தேசத்துச் சாமிகளை வரிசையாக ஒட்டி, முரட்டு மர உருவத்தில் முடித்துக் கடவுளைக் கேலி செய்தார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்பு வந்ததாலேயே கடவுள் இல்லையென்று ருஜுவாகிவிடுமா? ஆகுமென்றால், பக்திப் படம் பார்த்து அழுகிறவனுக்குக் கடவுள் உண்டென்று ருஜுவானதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா? இரண்டிடத்திலும் ஒரே கத்திரிக்கோல்தானே?

மாண்டேஜ் கூடாதென்று நாம் சொல்லவில்லை. அது உயர்ந்த கலைதான். கண்ணீர் வரட்டும், ரோஷம் வரட்டும். ஆனால் கைப்பேசியில் நிமிஷத்துக்கொரு ஒட்டுக் காட்சி வந்து விழும் இக்காலத்தில், “இந்த இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டியவன் யார்? எதற்காக ஒட்டினான்?” என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். ஒட்டியவன் நம் தோழனானாலும் கேட்டே தீர வேண்டும்.