23 வருஷம் வீணாப் போச்சாம்!

க்ளெண்டா ஜாக்சனைப் பத்தி யார் எழுதினாலும் கடைசியில ஒரு 'உச்' கொட்டறாங்க. ரெண்டு ஆஸ்கர் வாங்கின நடிகை, 1992-லேர்ந்து 2015 வரைக்கும் எம்.பி.யா உட்கார்ந்து 23 வருஷத்தை வீணாக்கிட்டாராம். என்ன அநியாயம்ங்க இது?

கொத்தனார் பொண்ணு. மருந்துக்கடையில வேலை பார்த்துட்டு நடிப்புப் பள்ளிக்குப் போனவர். 'விமன் இன் லவ்', 'எ டச் ஆஃப் க்ளாஸ்' ரெண்டுக்கும் ஆஸ்கர் கிடைச்சப்ப விழாவுக்கே போகலை. விருதை எங்க வெச்சிருந்தார்னு இதுலயே தெரியலையா?

எம்.பி. ஆனதும் நடிப்பை மொத்தமா மூட்டை கட்டினார். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் கிடையாது. சொந்தக் கட்சி அரசாங்கம் இராக் போருக்குப் போனப்ப எதிர்த்தார். 2010-ல வெறும் 42 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். 2013-ல மார்கரெட் தாட்சர் இறந்து, நாடாளுமன்றத்துல ஆளாளுக்குப் புகழ் பாடினப்ப, கூச்சலுக்கு நடுவுல நின்னு அந்த ஆட்சி சாதாரண ஜனங்களுக்குச் செஞ்சதைப் புட்டுப் புட்டு வெச்சார்.

நடிப்பு துருப்பிடிச்சிருக்கும்ங்கறீங்களா? 2016-ல, 80 வயசுல, லண்டன் ஓல்டு விக் மேடையில லியர் மன்னனா நின்னார். 2018-ல டோனி விருது. 2023-ல இறக்கறதுக்கு முன்னாடி மைக்கேல் கெய்னோட ஒரு படமும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனார்.

நாம ஜாவாலேர்ந்து டாட்நெட்டுக்குத் தாவினா 'கேரியர் க்ரோத்'. அவர் மக்கள் வேலைக்குப் போனா வீணா? நடிகைன்னா ஆயுசு முழுக்க நம்மளைச் சந்தோஷப்படுத்திக்கிட்டே இருக்கணும்னு நினைக்கறது ரசனை இல்லை மக்களே, முதலாளி புத்தி!