விசிலுக்கு மேல் நீதி இல்லையா?

2024ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் டோஹா நகரில், உலகக் கிண்ணத் தகுதிகாண் உதைபந்தாட்டத்தில் இந்திய அணி கட்டாரை 1–0 என முந்தி நின்றது. வென்றால் மூன்றாஞ் சுற்று. 73ஆம் நிமிடத்தில் பந்து கோல் எல்லைக் கோட்டைக் கடந்து வெளியே போயிற்று. இந்திய ஆட்டக்காரர் நின்றுவிட்டனர். வெளியே போன பந்தை ஒருவர் உள்ளே இழுக்க, யூசுப் அய்மன் அதனை வலைக்குள் செலுத்தினார். தென்கொரிய மத்தியஸ்தர் கோல் என்றார்! ஆட்டம் 2–1 என முடிந்தது. இந்தியச் சம்மேளனம் முறையிட்டது, முடிவு மாறவில்லை.

மத்தியஸ்தரும் மனிதரே என்பர் சிலர். ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் தவறும் கண்ணுக்குத் துணை வைக்க வழியிருந்தும் வைக்காதோரை எவ்வாறு மன்னிப்பது? அதே ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில், அதே ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டிகளில் காணொளி மத்தியஸ்தர் இருந்தார். யூனில் இல்லை. மூன்றாஞ் சுற்றில் மீண்டும் வந்தார். பெரியவர் பந்திக்கு நெய், சிறியவர் பந்திக்கு வெறுஞ்சோறு!

ஆட்ட நிகழ்வுகள் பற்றிய மத்தியஸ்தரின் முடிவே இறுதியானது என்கிறது உதைபந்தாட்டத்தின் ஐந்தாம் விதி. வேண்டிய விதிதான், இல்லையேல் எந்த ஆட்டமும் முடியாது. ஆனால் நீதிமன்றங்களில் ஒரு தீர்ப்பு, மேன்முறையீட்டு வழி தீர்ந்த பின்னரே இறுதியாகிறது.

எதிர்த்தவர் கதியைப் பாருங்கள். 2023 மார்ச் 3இல் பெங்களூரில், கேரள அணி தடுப்புச் சுவர் அமைக்குமுன் சுனில் சேத்ரி உதைத்த பந்து கோலாயிற்று. கேரளத்தார் வெளியேறினர். கோல் சரியா பிழையா என்பது வேறு வாதம். சம்மேளனத்தின் ஒழுக்காற்றுக் குழு 4 கோடி ரூபா தண்டம் விதித்தது. பயிற்றுநருக்குப் பத்து ஆட்டத் தடை. அதே சம்மேளனத்தின் மேன்முறையீட்டுக் குழு அதனை உறுதிசெய்தது. வெளிமன்று வேண்டின் சுவிற்சர்லாந்துக்குப் போகவேண்டும்!

சப்பிரகமுவ மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? இரத்தினபுரியிலும் கேகாலையிலும் கொழுந்துத் தராசைப் பிடிப்பவர் யார்? ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் நிறை கழிப்பவர் யார்? அந்த முறைப்பாட்டை முதலிற் கேட்பவர் யார்? தோட்டத்தில் நிருவாகம், சிறுதோட்டக்காரருக்குத் தொழிற்சாலை. விசிலும் அவரே, மன்றும் அவரே.

தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரனை, 1995 திசெம்பர் 26இல் மெல்பேணில் டரல் ஹெயர் ஏழு முறை 'நோ போல்' என்றார். அங்கேயே எல்லாம் முடிந்திருந்தால் 800 விக்கெட்டுகள் ஏது? பரிசோதனைக்கூடங்கள் கையை அளந்தன. ஏனைய பந்துவீச்சாளர் பலரின் கையும் வளைவது தெரிந்தது. ஈற்றில் 15 பாகை என விதியே திருத்தப்பட்டது.

எமது தோட்டக் கழகங்கள் அடுத்த சுற்றுப்போட்டிக்கு விதி எழுதும்போது, எக்கழகத்தையும் சாராத மூவரைக் கொண்ட முறையீட்டுக் குழுவொன்றை முதல் விசில் ஊதுமுன்னரே நியமிக்கட்டும். முறையிடுவோர்மீது தண்டமில்லை என்பதையும், முடிவுக்கான காரணம் எழுத்தில் தரப்படவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பமிடட்டும்.